மழைக்கு மூன்று விசை

எட்டாம் வகுப்புக்கு அன்று கணினி ஆய்வகத்தில் கொடுத்த செயல்பாடு எளிதானதுதான். 'எங்கள் ஊர் மழை' என்ற தலைப்பில் ஐந்து வரிகளைத் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும். ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு மழையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒண்டிக்கடை ரவுண்டானாவில் பேருந்தை விட்டு இறங்கிப் பள்ளிக்கு நடந்து வருவதற்குள் இரண்டு முறை நனைந்து ஒரு முறை காய்ந்துவிடுவார்கள்.

இருபது நிமிடம் கழித்து ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு மாணவியின் திரை மட்டும் வெறுமையாக இருந்தது. நோட்டில் எழுதச் சொன்னால் வகுப்பிலேயே நன்றாக எழுதுகிறவள் அவள். மலைக் கிராமம் ஒன்றிலிருந்து வருகிறாள். வீட்டில் கணினி இல்லை.

"மழைன்னு அடிக்க எந்தெந்த இங்கிலீஷ் எழுத்து சார்?"

எம், ஏ, இசட், எச், ஏ, ஐ என்றேன். ஆறு எழுத்தையும் ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினாள். மழை வந்தது. அடுத்த சொல்லுக்கு மறுபடியும் என்னைப் பார்த்தாள்.

"தமிழ் எழுதறதுக்கு எதுக்கு சார் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்?"

"முதல்ல இங்கிலீஷ் கத்துக்கோ. அப்புறம் இதெல்லாம் தானா வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். வளரறி மதிப்பீட்டில் அந்தச் செயல்பாட்டுக்கு அவளுக்கு மிகக் குறைந்த மதிப்பெண்ணும் போட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்தியது. பணிக்கு வருவதற்கு முன் சேலத்தில் ஒரு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் தமிழ் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவன் நான். எத்தனையோ முறை 'மழை' என்று தட்டியிருப்பேன். ஒரு முறைகூட ஆங்கில எழுத்து குறுக்கே வந்ததில்லை. எனக்குக் கிடைத்த நேர்வழியை அவளுக்குக் காட்டாமல், சுற்றுவழியில் நடக்கத் தெரியவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன்.

தமிழை இயந்திரத்தில் ஏற்றுவது எளிதாக நடந்துவிடவில்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்து, மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்ற ரா. முத்தையா என்பவர்தான் நாம் அறிந்த தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு வழி செய்தவர். 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளுக்குள் அடக்குவதுதான் அவர் முன்னிருந்த சிக்கல். புள்ளிக்கும் சில குறிகளுக்கும் 'நகரா விசை' வைத்தார். அதை அழுத்தினால் குறி தாளில் பதியும், உருளை நகராது. அடுத்து அழுத்தும் எழுத்து அதே இடத்தில் வந்து உட்காரும். அந்தப் பொறிகள் ஜெர்மனியில் செய்து வரவழைக்கப்பட்டன. பழைய பொறியில் பழகிய ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும், புள்ளியை முதலில் தட்டிவிட்டுத்தான் எழுத்தைத் தட்ட வேண்டும். பார்வைக்கு எழுத்து சரியாக வந்துவிடும். நாம் உச்சரிக்கும் வரிசை மட்டும் அதில் இருக்காது.

கணினி வந்தபோது அந்தக் கட்டாயம் போய்விட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டித் 'தமிழ்99' விசைப்பலகை அமைப்பு உருவாகி, அதே ஆண்டில் தமிழ்நாடு அரசின் ஏற்பையும் பெற்றது. அதற்கு முன்னோடியாக இருந்த அமைப்புகளில் ஒன்றைச் செய்தவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அவர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர், நம் இனம். தமிழ்99இல் 'மழை' என்பதற்கு ம, ழ, ஐ என்ற மூன்று விசைகள் போதும். மூன்றும் அவளுக்கு முதல் வகுப்பிலிருந்தே தெரிந்தவை.

மறுநாள் ஆய்வகக் கணினியில் தமிழ்99ஐத் தேர்ந்தெடுத்து வைத்தேன். ஆனால் விசைகளின் மேல் இருப்பது ஆங்கில எழுத்து. காகிதத்தில் எழுதி ஒட்டினோம், ஒரு வாரத்தில் உரிந்து வந்துவிட்டது. அப்போதுதான் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன், கழித்துப் போட்டிருந்த பழைய விசைப்பலகையைத் திருகாணி கழற்றித் திறந்துகொண்டு வந்து நின்றான். "சார், உள்ள ஒண்ணுமே இல்ல. மூணு பிளாஸ்டிக் ஷீட்டும் ஒரு ரப்பரும்தான் இருக்கு."

அவன் சொன்னது உண்மை. மலிவான விசைப்பலகைகளில் மேலும் கீழும் மின்கோடுகள் அச்சிட்ட இரண்டு தாள்கள், இடையே துளையிட்ட ஒரு தாள், அவ்வளவுதான். ஒரு கோடு தேய்ந்தால் அந்தக் கோட்டில் உள்ள விசைகள் எல்லாம் போய்விடும். பழுது பார்க்க வழியில்லை. இன்னொரு வகை இருக்கிறது, மெக்கானிக்கல் விசைப்பலகை. அதில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி சுவிட்ச், தனி சுருள்வில். ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். மேல்மூடியையும் தனியாகக் கழற்றி, நாம் விரும்பும் எழுத்தைப் போட்டுக்கொள்ளலாம். ஜெர்மனியின் செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த, தலையில் கூட்டல் குறி போன்ற காம்பு உள்ள சுவிட்ச்தான் இன்று பலரும் பின்பற்றும் அளவு. இப்போது பல நிறுவனங்கள் அதே அளவில் செய்கின்றன. நாமே ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது. ஆசிரியர்கள் நாலைந்து பேர் பணம் போட்டோம். 3,000 ரூபாய்க்குள் முடிந்தது.

முதலில் சுவிட்சுகளில் சில மாதிரிகளை வாங்கி, எட்டாம் வகுப்பு 'விசையும் அழுத்தமும்' பாடத்துக்குக் கொண்டுபோனேன். சிவப்புக் காம்பு சுவிட்ச் அழுத்துவதற்கு 45 சென்டிநியூட்டன் விசை வேண்டும் என்று விவரத்தாளில் இருக்கும். அது எவ்வளவு? பத்து ரூபாய் நாணயத்தின் எடை 7.71 கிராம். சுவிட்சின் தலையில் நாணயங்களை ஒவ்வொன்றாக அடுக்கச் சொன்னேன். ஆறு நாணயம் வைத்தால் 46 கிராம் சொச்சம், ஏறக்குறைய அந்த அளவுதான். மல்டிமீட்டரைப் பொருத்தி வைத்திருந்ததால், காம்பு பாதி தூரம் இறங்கியதுமே பீப் என்று கத்தியது. மொத்தம் இறங்கக்கூடியது 4 மில்லிமீட்டர், மின்தொடர்பு ஏற்படுவது 2 மில்லிமீட்டரில். அடிமட்டம் வரை குத்த வேண்டியதில்லை என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. நீலக் காம்பு 'டக் டக்' என்று சத்தம் போடும். பிள்ளைகள் எல்லோருக்கும் அதுதான் பிடித்திருந்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியை ஒரே பார்வையில் அதை நிராகரித்துவிட்டார். சத்தமில்லாத பழுப்பு நிறத்தை வாங்கினோம்.

அடுத்து அளவு. விசைக்கு விசை இடைவெளி 19.05 மில்லிமீட்டர். "இது என்ன சார் கணக்கு, பத்தொன்பதுன்னு வெச்சிருக்கலாமே" என்றார்கள். அரை மணி நேரம் விட்டேன். ஒரு மாணவி அங்குலத்துக்கு மாற்றிப் பார்த்தாள். 25.4இல் முக்கால் பங்கு 19.05. எங்கள் பலகைக்குக் குறுக்கே 12 விசை, நெடுக்கே 4 விசை. மில்லிமீட்டரில் 228.6க்கு 76.2. அங்குலத்தில் 9க்கு 3. தசமபின்னம் முழு எண்ணாக மாறிய அந்த நிமிடத்தில் வகுப்பு போட்ட சத்தத்துக்கு நீலச் சுவிட்சே பரவாயில்லை.

முதல் பலகையை நாட்காட்டி அட்டையில், சுவிட்சுக்கு 14 மில்லிமீட்டர் சதுரத் துளைகளாக வெட்டிப் பார்த்தோம். சரியாக வந்தபின் சேலத்தில் பெயர்ப்பலகை செய்யும் கடையில் அக்ரிலிக்கில் வெட்டி வாங்கினோம்.

48 விசைக்கும் தனித்தனிக் கம்பி இழுத்தால் பொதுக் கம்பியோடு 49 ஆகும். நாங்கள் வாங்கிய ராஸ்பெரி பை பைக்கோ என்ற சிறு கட்டுப்பாட்டுச் சில்லில் 26 முனைகள்தான் பயன்படுத்த முடியும். எப்படிச் செய்வது? பத்தாம் வகுப்பு அணிகள் பாடத்தில் நிரை, நிரல் என்று சொல்கிறோமே, அதே வழிதான். 4 நிரை, 12 நிரல், 16 கம்பி. ஒவ்வொரு நிரலாக மின்னழுத்தம் கொடுத்து, எந்த நிரையில் அது தெரிகிறது என்று சில்லு பார்க்கும். இதை நொடிக்குப் பல நூறு முறை செய்யும். திறந்து பார்த்த பழைய விசைப்பலகையின் இரண்டு தாள்களிலும் கோடுகள் வெவ்வேறு திசையில் ஏன் ஓடின என்பது அப்போதுதான் அந்த மாணவனுக்குப் புரிந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால், அழுத்தாத நான்காவது மூலையும் அழுத்தப்பட்டதாகச் சில்லு நினைத்துக்கொள்ளும். இதைக் கரும்பலகையில் விளக்கிப் பார்த்தேன், யாருக்கும் பிடிபடவில்லை. மைதானத்தில் சுண்ணாம்பில் இரண்டு நெடுக்குக் கோடு, இரண்டு குறுக்குக் கோடு போட்டேன். மூன்று சந்திப்புகளில் மூன்று பேர் 'திறந்த கதவாக' நின்றார்கள். நான்காவது சந்திப்பு காலி, அது மூடிய கதவு. மின்னோட்டமாக ஒருவன் இரண்டாம் நெடுக்குக் கோட்டில் கிளம்பினான். முதல் குறுக்கில் திரும்பி, முதல் நெடுக்கில் தலைகீழாக இறங்கி, இரண்டாம் குறுக்குக்கு வந்துவிட்டான். மூடிய கதவின் பக்கமே போகாமல் அதன் அந்தப் பக்கம் போய் நின்றான்.

"எந்த இடத்துல அவன் வழி தப்பினான்?" என்று கேட்டேன். நெடுக்கிலிருந்து குறுக்குக்குப் போகலாம், குறுக்கிலிருந்து நெடுக்குக்குத் திரும்பி வந்ததுதான் தப்பு என்று ஒரு குரல். "கோடை விழாவுக்கு வண்டியெல்லாம் அடிவாரம் வழியா ஏறி, குப்பனூர் வழியாத்தானே சார் இறங்கணும், அந்த மாதிரி ஒன்வே போட்டா?" என்று இன்னொரு குரல். டையோடு என்பது அந்த ஒருவழிப் பாதைதான். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு டையோடு. நான் தயாரித்து வைத்திருந்த உவமை தண்ணீர்க் குழாய் வால்வு, அதைவிட இது நன்றாக இருந்தது.

பற்றவைக்கும் வேலையை ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் மட்டும், என் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேராகச் செய்தார்கள். இரும்பின் முனை 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சுடும். சன்னலைத் திறந்துவைத்து, கண்ணாடி போட்டு, ஈயம் கலக்காத பற்றாசு வாங்கி, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தேன். கீழ் வகுப்புகளுக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம், அவர்களுக்கு அட்டையும் மைதானமும் போதும். பைக்கோவுக்கான நிரல் ஒரு சாதாரண உரைக்கோப்பு. கே.எம்.கே. என்ற கட்டற்ற மென்பொருளைப் போட்டால், சில்லு ஒரு பென்டிரைவ் போலக் கணினியில் தெரியும். எந்த இடத்தில் எந்த விசை என்று அந்தக் கோப்பைத் திறந்து எழுத வேண்டியதுதான்.

அங்கே பிள்ளைகளுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருந்தது. கோப்பில் 'அ' என்று எழுதினால் ஏற்கவில்லை. விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை, எண்ணைத்தான் அனுப்புகிறது. ஆங்கில 'ஏ' இருக்கும் இடத்துக்கு எண் 4. அந்த 4ஐ 'ஏ' என்று காட்டுவதா, 'அ' என்று காட்டுவதா என்பதைக் கணினியின் இயங்குதளம் முடிவு செய்கிறது. எட்டாம் வகுப்பு மாணவி, என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவள், இதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். "அப்ப இதுக்கு இங்கிலீஷும் தெரியாதா சார்?" என்றாள். தெரியாது என்றேன்.

மூடிகளில் எழுத்து எழுதும் வேலை அவளுடைய குழுவுக்கு. தமிழம்மா உள்ளே வந்தது இந்தக் கட்டத்தில்தான். வெறும் மூடிகளைப் பார்த்ததும், "உயிருக்கு ஒரு நிறம், வல்லினம், மெல்லினம், இடையினம் மூன்றுக்கும் மூன்று நிறம் கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அதை அலங்காரம் என்று நினைத்தேன். எழுதி மாட்டி முடித்ததும் பலகையே ஓர் இலக்கணப் பாடமாகிவிட்டது.

தமிழ்99இல் எழுத்துக்கான விசைகள் 31. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. அவை மூன்று வரிசைகளில் அடங்குகின்றன. உயிரெல்லாம் இடக்கைப் பக்கம், மெய்யில் வ, ங இரண்டைத் தவிர மற்றவை வலக்கைப் பக்கம். நடு வரிசையில் அ, இ, உ, எ. அவற்றுக்கு நேர் மேலே ஆ, ஈ, ஊ, ஏ. குறிலின் தலைக்கு மேல் அதன் நெடில். கடையில் வாங்கும் விசைப்பலகையில் வரிசைகள் கொஞ்சம் விலகி விலகி இருக்கும். பழைய தட்டச்சுப் பொறியில் ஒவ்வொரு விசையின் நெம்புகோலும் ஒன்றோடொன்று இடிக்காமல் போவதற்காக வைத்த விலகல் அது. நெம்புகோல் போய்விட்டது, விலகல் மட்டும் நின்றுவிட்டது. எங்கள் பலகையில் அதை வைக்கவில்லை. அதனால் அவுக்கு மேல் ஆ நூல் பிடித்தாற்போல நின்றது.

நிறம்தான் அடுத்ததைக் காட்டியது. வல்லின நிறத்தை ஒட்டி எப்போதும் ஒரு மெல்லின நிறம். ற பக்கத்தில் ன. ட பக்கத்தில் ண. ச பக்கத்தில் ஞ. ப பக்கத்தில் ம. த பக்கத்தில் ந. ஒருத்தி கத்தினாள், "அம்மா, எல்லாம் இன எழுத்து!" கவுக்கு மட்டும் பக்கத்தில் இல்லை, தேடினார்கள். கீழ் வரிசையில் மூலைவாட்டில் ங உட்கார்ந்திருந்தது. மெல்லினத்தையும் அதன் இனமான வல்லினத்தையும் அடுத்தடுத்துத் தட்டினால் புள்ளி தானாக விழும். ப, ந, த, உ என்று தட்டினால் பந்து. அ, ம, ம, ஆ என்றால் அம்மா. ஒரே மெய் இரட்டித்தாலும் முதலாவதற்குப் புள்ளி வந்துவிடும்.

அதனால் வந்த கூத்தும் உண்டு. ஒருவன் 'பப்பாளி' என்று அடிக்கப் போய், சொல்லே புள்ளி வைத்த எழுத்தோடு தொடங்கிவிட்டது. மெய் சொல்லுக்கு முதலில் வராதே என்று தமிழம்மா கேட்க, வகுப்பு யோசித்தது. முதல் 'ப'வுக்குள் ஓர் அகரம் இருக்கிறது, அதைக் கணினிக்குச் சொல்ல வேண்டும். ப, அ, ப, ப, ஆ, ள, இ. அகரம் ஏறிய உயிர்மெய் என்பதை நான் படித்த காலத்தில் மனப்பாடம்தான் செய்தேன். இவர்கள் விரலால் கண்டுபிடித்தார்கள்.

பலகையை முதன்முதலில் இணைத்த அன்று 'தமிழ்' என்று தட்டச் சொன்னேன். 'தமி' என்றுதான் வந்தது. ழ வேலை செய்யவில்லை. 'படம்' என்று தட்டினால் 'பட்டம்' பறந்தது. எனக்கு வியர்த்துவிட்டது. பிள்ளைகள் பதறவில்லை, மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டார்கள். ழவின் டையோடில் கறுப்புக் கோடு எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது, ஒருவழிப் பாதையைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். டவின் பற்று சரியாகப் பிடிக்காமல், ஒரு முறை அழுத்தினால் இரண்டு முறை தொட்டுக்கொண்டிருந்தது. இரட்டித்த மெய்க்குப் புள்ளி விழுவதால் படம் பட்டமாகிவிட்டது. மின்சுற்றில் உள்ள பிழையை இலக்கண விதி காட்டிக்கொடுத்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இரண்டையும் பற்று நீக்கிச் சரிசெய்தார்கள்.

சக ஆசிரியர் ஒருவர் கேட்டார், "செல்பேசியில் பேசினாலே தமிழில் எழுதிவிடுகிறதே, இதற்கு இவ்வளவு பாடா?" பேசி எழுதுவது நல்ல வசதிதான், நானும் செய்கிறேன். ஆங்கில எழுத்து வழியாகத் தட்டுவதும் தெரிந்தவர்களுக்கு வேகமாக வரும். முப்பது பேர் உள்ள ஆய்வகத்தில் முப்பது பேரும் செல்பேசியோடு பேச முடியாது. மூடுபனியோடு சிக்னலும் மறைகிற ஊர் இது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தமிழ்99 கற்றுத்தர விசைப்பலகையே செய்ய வேண்டும் என்பதில்லை. விண்டோஸ், லினக்ஸ், செல்பேசி எல்லாவற்றிலும் அது கிடைக்கிறது. இருக்கும் விசைப்பலகையில் 31 ஒட்டுவில்லைகள், மேலே ஒளிபுகும் நாடா. அதை நாளைக்கே செய்யலாம். வண்ணங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். எங்கள் பள்ளியில் மற்ற கணினிகளுக்கு அதைத்தான் செய்திருக்கிறோம்.

அந்த மாணவி 'எங்கள் ஊர் மழை'யை எழுதி முடித்தாள். கேட்டது ஐந்து வரி, அவள் எழுதியது பதினேழு. காப்பிச் செடி பூக்க ஒரு மழை, அந்தப் பூ நிற்க இன்னொரு மழை என்று அவள் அப்பா சொல்லுவாராம். முதல் மழைக்கும் இரண்டாவதற்கும் இடையில் வீட்டில் எல்லோரும் வானத்தைப் பார்ப்பதைப் பற்றி எழுதியிருந்தாள். எங்கள் ஆய்வகத்தில் இத்தனை நாள் வெறுமையாக இருந்த திரைக்குப் பின்னால் இது இருந்திருக்கிறது. பழைய மதிப்பெண்ணை அடித்துவிட்டு, அவளிடம் அது என் தவறு என்றும் சொன்னேன். "பரவால்ல சார்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான்காவது வரிசையில் இரண்டு கட்டைவிரலுக்கும் இரண்டு இடவெளி விசை, எண்களுக்கு மாறும் விசை என்று வைத்தது போக, இரண்டு விசைகள் பெயரில்லாமல் இருந்தன. என்ன வைக்கலாம் என்று வகுப்பில் ஒரு வாரம் சண்டை. கேள்விக்குறி என்று ஒரு கட்சி, விளையாட்டுக்கு அம்புக்குறி என்று ஒரு கட்சி. அவள் 'ஜ' கேட்டாள். தமிழ்99இல் ஜ தட்ட ஷிப்ட் விசையோடு ஊ இருக்கும் விசையை அழுத்த வேண்டும். சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு இரண்டு விசையைச் சேர்த்து அழுத்த வராது, வருகைப் பதிவேட்டில் பாதிப் பெயரில் ஜ இருக்கிறது என்றாள். எண்ணிப் பார்த்தோம். பாதி இல்லை, ஆனாலும் நிறையத்தான். ஒரே விசை இரண்டையும் சேர்த்து அனுப்பும்படி கோப்பில் ஒரு வரி எழுத வேண்டும். ஒன்பதாம் வகுப்பு மாணவன் காட்டிக்கொடுக்க, அவளே எழுதினாள். இன்னொரு விசை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.